கிளிக்கும் குழந்தைக்கும் நடுவே

வேறொரு வீட்டில் வளர்ந்த கிளியை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால், பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது “எப்போது கைக்கு வரும்?” என்பதுதான். வீட்டில் சின்னக் குழந்தை இருந்துவிட்டால் அந்தக் கேள்விக்கு அவசரம் கூடிவிடுகிறது. குழந்தைக்குப் பொறுமை கிடையாது, சீக்கிரம் பழக்கிவிட வேண்டும் என்று பெரியவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். எங்கள் வீட்டில் நான் கண்டது வேறு. குழந்தைக்குக் காத்திருக்க வரும். காத்திருக்கும் நேரத்தில் செய்வதற்கு அதற்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும். கிளிக்கும் குழந்தையோடு பழக வரும். பிடிக்காதபோது விலகிப் போகலாம், யாரும் துரத்த மாட்டார்கள் என்ற நிச்சயம் அதற்கு வேண்டும். இந்த இரண்டுக்கும் வழி செய்து கொடுக்க ஒரு பெரியவர் நடுவில் இருந்தே தீர வேண்டும்.

எங்களிடம் வந்தது ஒரு காக்டெயில் கிளி. மாடி வீட்டுக்காரர் வேலை மாற்றலாகி வடக்கே போனார். ரயிலில் அவ்வளவு தூரம் கொண்டுபோக மனமில்லாமல், “நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டார். மூன்று வயது ஆண் பறவை. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், தலையில் கொண்டை. பெயர் முத்து. பழகிய பெயரை மாற்ற வேண்டாம் என்று அப்படியே விட்டோம். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் சின்னக் கிளி, காக்கட்டூ குடும்பத்தைச் சேர்ந்தது. எடை 100 கிராமை ஒட்டித்தான் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 ஆண்டுகள் இருக்கும்.

மாடி வீட்டில் அது பால்கனியில்தான் இருந்தது. வந்துபோகிற பிள்ளைகள் கூண்டுக்குள் கையை விட்டுப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் கையைக் கண்டாலே பின்வாங்கி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, புஸ்ஸென்று சீறும். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, யூகேஜி. பறவை வருகிறது என்று தெரிந்த நாள் முதல், அதைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கையைக் கண்டு நடுங்குகிற ஒன்றும், கையை நீட்டியபடியே ஓடி வருகிற ஒன்றும் ஒரே வீட்டில்.

“ஏன் பச்சைக்கிளி வாங்கவில்லை?” என்று உறவினர்கள் கேட்டார்கள். நம் தென்னை மரங்களிலும் கோயில் கோபுரப் பொந்துகளிலும் இருக்கும் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. ஆசையாகத்தான் வளர்த்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது. காக்டெயில், பட்ஜி போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். என் மகளுக்கு இதை விளக்க எதிர்மனையில் இருந்த பட்டுப்போன தென்னை உதவியது. அதன் பொந்தில் ஒரு பச்சைக்கிளி ஜோடி இருக்கிறது. “அதற்கு அங்கே வீடு இருக்கிறது, முத்துவுக்கு நம் ஊரில் மரத்தில் வாழத் தெரியாது, அதனால் நம் வீட்டில் இருக்கிறது” என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பறவை வருவதற்கு முன்பே வீட்டைத் தயார் செய்தோம். முதலில் சமையலறை. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் பூச்சிலிருந்து கிளம்பும் புகை, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நமக்கு வாடைகூடத் தெரியாமல் போகலாம். நான்ஸ்டிக் தோசைக்கல்லை எடுத்துவிட்டு, அம்மாவின் பழைய இரும்புக்கல்லுக்கே திரும்பினோம். கொசுவர்த்திச் சுருள் நின்றது. ஜன்னலுக்கு வலை அடித்தோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி கூடத்துக்கு வராமல் பூஜை அறையோடு நின்றது. அம்மாவுக்கு இதில் முதலில் வருத்தம்தான். பறவையின் நுரையீரல் எவ்வளவு மென்மையானது என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் சரி என்றார்.

அந்த மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே போய்விட வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் என்ற ஒன்று உண்டு. எச்சத்திலும் அது காய்ந்து பறக்கும் தூசியிலும் அதற்குக் காரணமான பாக்டீரியா இருக்கும். பறவை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். முத்துவைச் சோதித்து எச்சத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை மகளைக் கூண்டருகே விடவில்லை. காக்டெயிலின் இறகிலிருந்து வெள்ளைப் பொடி நிறைய உதிரும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்தப் பறவையை எடுக்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

கூண்டைக் கூடத்தின் ஒரு மூலையில் வைத்தோம். இரண்டு பக்கம் சுவர் இருந்தால் பறவைக்கு முதுகுப்புறத்துப் பயம் இல்லை. உயரம் என் நெஞ்சளவு. தரையில் உட்காரும் குழந்தை பறவைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதற்காக அந்த உயரம். இரையாகும் சின்னப் பறவைகளுக்கு ஆபத்து பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. மேலிருந்து இறங்கும் எந்தக் கையும் அவற்றுக்குப் பருந்துதான். டிவியைக் கூண்டுக்கு எதிர்ப்பக்கம் மாற்றினோம். உட்காரக் கடையில் கிடைக்கும் வழவழப்பான குச்சிகளுக்குப் பதில், வெவ்வேறு பருமனில் கொய்யாக் கிளைகள். கொறிக்க ஒரு கணவாய் ஓடு.

பிறகு மகளுக்கு முதல் வேலை கொடுத்தேன்: முத்துவின் கொண்டையைப் படிப்பது. காக்டெயில் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய கொடை. மற்றக் கிளிகளின் மனநிலையை அறியக் கண்ணின் பாவையைப் பார்க்க வேண்டும், இறகின் சிலிர்ப்பைப் பார்க்க வேண்டும். காக்டெயிலின் மனம் தலைக்கு மேலேயே நிற்கிறது. கொண்டை விறைத்து நேராக நின்றால் ஏதோ சத்தத்தைக் கேட்டு உஷாராகிவிட்டது, அல்லது பயந்துவிட்டது. தலையோடு ஒட்டப் படிந்து, உடம்பு நீண்டு, வாய் திறந்தால் கோபம். கிட்டே போகக் கூடாது. பாதி தளர்ந்து, நுனி மட்டும் லேசாக மேலே வளைந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது. இதோடு அலகைக் கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்டால் தூங்கப் போகிறது.

மூன்று கொண்டைகளையும் அவளே படமாக வரைந்து சுவரில் ஒட்டினாள். நேர்க்கொண்டைக்கு மஞ்சள், படிந்த கொண்டைக்குச் சிவப்பு, தளர்ந்த கொண்டைக்குப் பச்சை. காலையில் எழுந்ததும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, “அப்பா, இன்றைக்கு மஞ்சள்” என்று அறிக்கை தருவாள். ஆரம்ப வாரங்களில் பச்சை அரிதாகவே வந்தது. வந்த அன்று அவள் குதிக்கவில்லை. குதித்தால் மஞ்சளாகிவிடும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்து பாட்டியிடம் சொன்னாள். கட்டளைகளால் நான் சாதித்திருக்க முடியாத அமைதி அது. “கத்தாதே, ஓடாதே” என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, கத்தினால் கொண்டையில் என்ன நடக்கிறது என்று காட்டிவிடுவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது வேலை, படித்துக் காட்டுவது. கூண்டிலிருந்து தள்ளி ஒரு பாய். அதில் பக்கவாட்டாக உட்கார்ந்து, படக்கதைப் புத்தகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்த கதையை மெல்லிய குரலில் சொல்ல வேண்டும். முத்துவை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. முகத்துக்கு முன்னால் இரண்டு கண்களும் நிலைகுத்தி நிற்பது வேட்டையாடும் விலங்கின் பார்வை. புத்தகம் இருந்தால் கண் தானாகவே வேறிடம் போய்விடுகிறது. பாய் எங்கே என்பதைக் கொண்டை முடிவு செய்யும். பச்சை என்றால் நாளைக்கு ஒரு சாண் கிட்டே. சிவப்பு என்றால் பழைய இடத்துக்கே. இதில் அவள் ஒருநாளும் சண்டை போடவில்லை. விதியைச் சொன்னது நானில்லை, முத்து, அதனால் இருக்கலாம்.

அடுத்து தினை. காக்டெயிலுக்குத் தினைக் கதிர் என்றால் உயிர். அதனாலேயே அதை மற்ற நேரங்களில் கூண்டில் போடுவதை நிறுத்திவிட்டேன். தினை இனிமேல் பாப்பா கையால் மட்டும்தான். இது பட்டினி போடுவது ஆகாது. தானியக் கிண்ணமும் கீரையும் எப்போதும் இருந்தன. மிகவும் பிடித்த ஒன்று யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் மாறியது. பக்கவாட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தை மாட்டினேன். அவள் வருவாள், ஒரு துண்டு தினைக் கதிரைப் போடுவாள், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். ‘போய்விடுவாள்’ என்பதுதான் இதில் மருந்து. கொடுத்துவிட்டு நின்றால், கிளிக்கு அந்தத் தினை ஒரு பொறி. கொடுத்துவிட்டுப் போனால், அந்தக் குழந்தை வருவதே நல்ல செய்தி.

அம்மா இதைப் பார்த்துவிட்டு அவளுக்கு வள்ளி தினைப்புனம் காத்த கதையைச் சொன்னார். பரண் மேல் நின்று ஆலோலம் பாடி, கவண்கல் வீசிக் கிளிகளை விரட்டிய கதை. “பாவம் பாட்டி, அதற்குப் பசிக்காதா?” என்று கேட்டாள். “அதுதான் நீ கொடுக்கிறாயே” என்றார் அம்மா. அதற்குப் பிறகு தினை போடும்போதெல்லாம் ஆலோலம் என்று பாடிக்கொண்டே போக ஆரம்பித்தாள். வள்ளி விரட்டப் பாடியது எங்கள் வீட்டில் அழைப்பாகிவிட்டது. அந்தக் குரல் கேட்டாலே முத்து கிண்ணத்தருகே வந்து நிற்கும்.

கிண்ணத்திலிருந்து கைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிளி அலகை மூன்றாவது காலாகப் பயன்படுத்தும். புதிய கிளையில் ஏறும்முன் அலகால் தொட்டு, லேசாகக் கவ்வி, தாங்குமா என்று சோதிக்கும். நம் விரலையும் அப்படித்தான் சோதிக்கும். குழந்தை அதைக் கடி என்று நினைத்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இந்தக் கிளை நம்பத் தகாதது என்று கிளி முடிவு செய்துகொள்ளும். அடுத்த முறை இன்னும் அழுத்திக் கவ்வும். கிளி இல்லாமலே இதைப் பழக வேண்டும்.

எங்களுக்கு ஸ்டாச்சு விளையாட்டு கைகொடுத்தது. “ஸ்டாச்சு” என்பேன், அவள் உள்ளங்கையை விரித்தபடி உறைந்து நிற்க வேண்டும். பென்சிலின் மழுங்கிய முனையால் விரல் நுனியைத் தொடுவேன். பிறகு துணி மாட்டும் கிளிப்பால் மெல்லக் கவ்வுவேன். கை அசையாமல் இருந்தால் அவள் ஜெயித்தாள். சிரிப்பு வரும், தோற்பாள், மறுபடி கேட்பாள். எப்போது வேண்டுமானாலும் “போதும்” என்று சொல்லலாம். சொன்ன கணத்தில் நான் நிறுத்திவிடுவேன். இந்த ‘போதும்’ எங்கள் வீட்டில் ஒரு சட்டம். கொண்டை படிந்தால் பாப்பா நிறுத்த வேண்டும், பாப்பா போதும் என்றால் நான் முத்துவை எடுத்துவிட வேண்டும். விளக்கம் கேட்பதில்லை. “இன்னும் ஒரே தடவை” என்பதில்லை.

முதலில் கம்பி வழியாக நீளமான தினைக் கதிர். அவள் ஒரு முனையைப் பிடிக்க, முத்து மறுமுனையிலிருந்து கொத்திக்கொண்டே கிட்டே வரும். பழகப் பழகக் கதிரைக் குட்டையாக்கினேன். பிறகு விரித்த உள்ளங்கையில் தினை. விரல் நுனியில் வைத்துக் கொடுக்கவே கூடாது. தினை எது, விரல் எது என்று கிளிக்குக் குழப்பம் வரும். உள்ளங்கை தட்டையாக இருந்தால் கவ்வ எதுவும் கிடைக்காது. என் கை அவள் கைக்கு அடியில் இருந்தது. கிளியின் பாரத்தைவிட, கை நடுங்காமல் இருப்பதற்குத்தான் அது.

கூண்டை விட்டு முத்து வெளியே வரும் நேரத்துக்கு வேறு ஒழுங்கு. நம் ஊர் வீடுகளில் பறவைக்கு முதல் எதிரி சீலிங் ஃபேன்தான். கதவைத் திறக்குமுன் மகள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஃபேன் நின்றுவிட்டதா, இறக்கைகள் முழுதாக ஓய்ந்துவிட்டனவா, ஜன்னல் மூடியிருக்கிறதா, வாசல் கதவில் தாழ்ப்பாள் போட்டாயிற்றா, அடுப்பு அணைந்ததா, குளியலறை வாளி மூடியிருக்கிறதா. சுவிட்சின் மேல் அவள் ஒட்டிய கிளிப்படம் இன்னும் இருக்கிறது. முத்து வெளியில் இருக்கும்வரை பாப்பா தரையில் உட்கார்ந்திருப்பாள் என்பது இன்னொரு விதி. காக்டெயில் தரையில் நடக்கப் பிரியப்படும் பறவை. ஓடும் காலடியில் எளிதில் சிக்கிவிடும். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்காருவது சிரமம்தான். அந்த மாதங்களில் விடியற்காலையில் மட்டும் வெளியே விட்டோம்.

எல்லாம் ஏறுமுகமாகவே போகவில்லை. தலையைக் கோதிவிடும் அளவுக்குப் பழகிய பிறகு, இறகு உதிரும் காலம் வந்தது. புது இறகுகள் உறைக்குள் இருந்தபடி, வெள்ளை முட்களாகத் தலை முழுக்க முளைத்திருந்தன. அவற்றின் அடியில் ரத்த ஓட்டம் இருக்கும். எதிர்த்திசையில் அழுத்தினால் வலிக்கும். அவள் எப்போதும்போல ஆட்காட்டி விரலால் பின்னந்தலையைக் கோதினாள். முத்து சட்டென்று திரும்பி விரலின் பக்கவாட்டில் கடித்தது. அவள் கையை இழுக்கவில்லை. ஸ்டாச்சு ஆகி நின்று, கடித்த வாய் விட்ட பிறகுதான் அழுதாள். ஒரு சொட்டு ரத்தம். முத்து பறந்து திரைச்சீலைக் கம்பியில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் கிளியிடம் போகவில்லை. அதை அதட்டவில்லை, கூண்டில் தள்ளவும் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து தடவினேன். “வலிக்கிறது” என்றாள். “வலிக்கும்தான்” என்றேன். வலியை இல்லையென்று சொல்லாமல் இருப்பது முக்கியம். “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று சொல்லிச் சொல்லி, குழந்தையின் உடம்பு சொல்வதைப் பொய்யாக்கிவிடுகிறோம். அம்மா, “கடிக்கிற கிளி வேண்டாம்பா, யாருக்காவது கொடுத்துவிடு” என்றார். அவர் பேத்தியைப் பற்றிய கவலையில் சொன்னது. நான் மறுத்துப் பேசவில்லை.

இரவு படுக்கும்போது மகள், “முத்து கெட்டவனா?” என்று கேட்டாள். அவள் நெற்றியில் புதிதாக முளைத்திருந்த குட்டை முடியை எதிர்ப்பக்கமாக லேசாக அழுத்திக் காட்டினேன். “உனக்கு இது சுருக்கென்று இருக்கிறதல்லவா? முத்துவுக்குத் தலை முழுக்க இப்படி. அதற்குப் ‘போதும்’ என்று சொல்ல வாய் வராது. அலகுதான் வாய்.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கொண்டை சிவப்பா இருந்ததா?” என்றாள். இருந்தது, ஒரே கணம்தான் இருந்தது. பார்ப்பதற்குள் கடி முடிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து கிண்ணத்துக்குத் திரும்பினோம். தினையைப் போடு, போய்விடு. கையால் கொடு என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கிளி குழந்தையை நம்புவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். கடித்த பிறகு குழந்தை கிளியை நம்புவதற்கும் அதே அளவு நேரமும் அதே படிகளும் வேண்டும். அவளாகவே ஒரு மாலை, “அப்பா, உன் கையை அடியில் வைத்துக்கொள்” என்று கேட்டபோதுதான் உள்ளங்கைத் தினை மறுபடி தொடங்கியது.

கோதிவிடுவதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டோம். விரலைத் தலையிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டும். முத்து தலையைக் குனிந்து கொடுத்தால் கோதலாம். மூன்று எண்ணியதும் நிறுத்த வேண்டும். மறுபடி குனிந்தால் மறுபடி மூன்று. நிமிர்ந்துவிட்டால் முடிந்தது. தலையும் கன்னமும் மட்டும்தான். முதுகையும் வால் அடியையும் தடவினால் பறவை அதை இணைசேரும் அழைப்பாக எடுத்துக்கொள்ளும். ஆண் பறவைக்கு அதனால் மூர்க்கம் வரும். பெண் பறவை தேவையில்லாமல் முட்டையிட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பூனையையோ நாயையோ தடவிப் பழகிய குழந்தைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

கூட்டமாக வாழும் பறவை இது. கண்ணுக்குத் தெரியாத துணையைக் குரலால் தேடும். மகள் அடுத்த அறைக்குப் போனால் முத்து ஒரு சின்ன விசில் விடும். அவள் அங்கிருந்து “இங்கேதான் இருக்கிறேன் முத்து” என்று பதில் கொடுப்பாள். இந்தப் பதில்குரல் எந்தத் தினையைவிடவும் அவர்களை நெருக்கியது என்று நினைக்கிறேன். மெல்லிய விசிலுக்கு மட்டும் பதில் கொடுக்க வேண்டும், வீறிடலுக்குக் கொடுத்தால் வீறிடுவது பழக்கமாகிவிடும். பள்ளிக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போவாள்; திரும்பி வந்து செருப்பைக் கழற்றுமுன் உள்ளிருந்து விசில் வரும்.

வாரந்தோறும் எடை பார்ப்பதும் அவள் பங்கு. பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். உண்ணுவதுபோலவே இருக்கும், எடை மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். சமையல் தராசின் மேல் ஒரு சின்னக் கட்டையை வைத்து, அதில் முத்து ஏறினால் தினை. எண்ணைப் படித்துச் சொல்வாள், நான் குறித்துக்கொள்வேன். யூகேஜியில் எண்களை மாற்றி எழுதிக்கொண்டிருந்தவள் 92க்கும் 29க்கும் உள்ள வேறுபாட்டைத் தராசில்தான் கற்றாள். முருங்கைக்கீரை உருவுவது, காரட் துருவலைக் கிண்ணத்தில் பரப்புவது எல்லாம் அவளே. தின்னக் கூடாதவையும் அவளுக்கு மனப்பாடம்: சாக்லேட், வெண்ணெய்ப்பழம், வெங்காயம், உப்புப் போட்ட முறுக்கு. கூண்டைத் தொட்டால் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுக்கக் கூடாது. தன் வாயிலிருந்து கிளிக்கு எதையும் ஊட்டக் கூடாது.

விருந்தாளிகள் வரும் நாள்தான் எனக்கு அதிகக் கவலை. அவர்களுடைய பிள்ளைகள் கம்பிக்குள் விரலை நீட்டுவார்கள். பெரியவர்கள் “ஒன்றும் செய்யாது, பயப்படாதே” என்று ஊக்கப்படுத்துவார்கள். கூட்டம் அதிகமென்றால் கூண்டை முன்கூட்டியே படுக்கையறைக்கு மாற்றிவிடுகிறேன். ஒரு முறை மாமன் மகன் கூண்டைத் தட்ட வந்தபோது, என் மகள் நடுவில் நின்று, “அண்ணா, சிவப்புக் கொண்டை. இப்போது வேண்டாம்” என்றாள். அவன் வயது அவளைப்போல இரண்டு மடங்கு. கையை எடுத்துவிட்டான்.

இரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காக்டெயிலுக்கு இருட்டில் திடீர்ப் பயம் வருவது சகஜம். சின்ன நிழல் அசைந்தாலும் கூண்டுக்குள் கண்மண் தெரியாமல் அடித்துக்கொண்டு இறகை முறித்துக்கொள்ளும். மங்கலான இரவு விளக்கு ஒன்று எரிந்தால் இது பெருமளவு குறைகிறது. 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் அதற்கு வேண்டும். ஆகவே இரவு எட்டு மணிக்குப் பிறகு கூடத்தில் சத்தம் கிடையாது. மகளின் தூக்கமும் அதனால் சீரானது. தீபாவளிக்கு முன்தினமே கூண்டை உள்ளறைக்கு மாற்றி, மூன்று பக்கம் போர்வை போட்டு, ஃபேன் சத்தம் வெடிச்சத்தத்தை அமுக்கும்படி ஓடவிட்டோம். மகள் கதவோரம் உட்கார்ந்து ஆலோலம் பாடிக்கொண்டிருந்தாள். தெருவில் மத்தாப்பு கொளுத்த அவளாகவே போகவில்லை. நான் தடுக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

பிறந்தநாள் பரிசாகக் குழந்தைக்குக் கிளி வாங்கித் தர நினைப்பவர்களை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தை கிளிக்கு உரிமையாளராக முடியாது. தோழியாக முடியும். முத்து இருக்கப்போகும் ஆண்டுகளில் என் மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள். அன்றைக்கும் கூண்டைச் சுத்தம் செய்யப் போவது நான்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே மாடி வீட்டுக்காரரிடம் சரி என்றேன். இருவரையும் தனியாக ஒரே அறையில் ஒரு நிமிடம்கூட விட்டதில்லை. எவ்வளவு பழகினாலும் இந்த விதி தளராது. அலகுக்கும் பலம் உண்டு, ஐந்து விரல் மூடினாலும் பலம் உண்டு. பறவையின் நெஞ்சை இறுகப் பிடித்தாலே அதற்கு மூச்சு நின்றுவிடும். மூச்சிழுக்க அதன் நெஞ்செலும்பு முன்னே அசைந்தாக வேண்டும்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. பாயில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி உண்மையாகவே படிக்கிறாள். முத்து கூண்டின் மேலிருந்து இறங்கி வந்து, சில நாள் அவள் முழங்காலில் ஏறும். சில நாள் புத்தகத்தின் ஓரத்தைக் கொறித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். ஏறாத நாளில் அவள் ஏமாற்றமடைவதில்லை. “இன்றைக்கு அதற்கு வேறு வேலை” என்கிறாள். தோளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோகும் பேச்சு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. கூண்டுக் கதவின் கொக்கி மட்டும் இன்னும் என் பொறுப்பு. எட்டு வயதாவது ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவ்வப்போது கேட்கிறாள், காரணத்தைச் சொல்கிறேன், சரி என்று போய்க் கீரையை உருவத் தொடங்குகிறாள்.